திரும்பிப் பார்க்காத வீரர்கள்

எங்கள் ஊர் தேவதானத்தின் வானம் இன்றுவரை காலியாகத்தான் கிடக்கிறது. இந்தப் பக்கத்துப் பஞ்சபூதத் தலங்களில் சங்கரன்கோவிலுக்கு மண், கரிவலம்வந்தநல்லூருக்கு நெருப்பு, தாருகாபுரத்துக்கு நீர், தென்மலைக்குக் காற்று என்று பங்கு பிரித்தபோது எங்களுக்கு விழுந்தது ஆகாயம். ஆகாயத்துக்கே பட்டா வைத்திருக்கும் ஊர் இது. ஆனாலும் ஒரு சூப்பர்மேனோ, வழி தப்பிய சில்லறை அயர்ன்மேனோ சேத்தூரைத் தாண்டி இந்தப் பக்கம் பறந்து வந்ததாகத் தகவல் இல்லை. வேற்றுக்கிரகத்தார் படையெடுத்தால் நேராக நியூயார்க்கில் போய் இறங்குகிறார்கள். எங்கள் ஊருக்கு மேலிருந்து இறங்கி வருவது யானை மட்டும்தான். மலையை விட்டு ராத்திரியில் இறங்கி, நாலு தென்னையையும் மாமரத்தையும் முறித்துப் போட்டுவிட்டு, விடியுமுன் வந்த வழியே போய்விடும். விடிந்ததும் சம்சாரி சிட்டா அடங்கலோடு வனத்துறை ஆபீஸ் வாசலில் நஷ்டஈட்டுக்கு மனுவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

நியூயார்க்கை முறித்துப் போடுகிற யானைகள்மேல் யாரும் மனுப் போடுவதில்லை. 2016-ல் வந்த 'கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்' படத்தில் மட்டும் உலக நாடுகள் கூடி, இப்படிக் கேள்விமுறை இல்லாமல் இடிக்கக்கூடாது என்று ஒப்பந்தம் போட்டன. அடடா, கடைசியில் கணக்குக் கேட்கப் போகிறார்கள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், அந்த ஒப்பந்தம் இரண்டு நண்பர்கள் விமான நிலையத்தில் கட்டிப் புரள்வதற்கு ஒரு சாக்கு. அந்தச் சண்டையில் அந்த விமான நிலையமும் போனது.

அவர்கள் பறப்பதில் எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை. கணக்குக் கொடுக்காமல் பறந்துவிடுகிறார்களே, அதில்தான். சக்திக்கு அவர்கள் கொடுத்த விலை என்ன, அவர்கள் உடைத்ததற்கு யார் கொடுத்தார்கள், அவர்களை உண்டாக்கியவனுக்கு யார் என்ன கொடுத்தார்கள்? சினிமா இந்த மூன்று கேள்வியையும் கழுவித் துடைத்துவிட்டுத்தான் விளக்கை அணைக்கிறது. காமிக்ஸ் அப்படி இல்லை. குறைந்தபட்சம், எங்கள் மாவட்டத்தில் அச்சான காமிக்ஸ் அப்படி இல்லை.

விருதுநகர் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குச் சூப்பர்ஹீரோவைக் காட்டியது ஹாலிவுட் இல்லை, சிவகாசி. 1972-ல் அங்கே சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸ் தொடங்கினார். முதல் புத்தகமே 'இரும்புக்கை மாயாவி'. மூலம், இங்கிலாந்தின் வேலியன்ட் வார இதழில் 1962-ல் ஆரம்பித்த தொடர். படம் போட்டவர் ஸ்பெயின்காரர் ஜெசூஸ் பிளாஸ்கோ. நாயகன் லூயிஸ் கிராண்டல் ஒரு ஆய்வுக்கூட உதவியாளர். விபத்தில் வலது கை போய், இரும்புக் கை மாட்டியவர். உடம்பில் கரண்ட் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார். கை மட்டும் அந்தரத்தில் தொங்கும். சரி, சக்தி கிடைத்ததும் மனிதர் முதலில் என்ன செய்தார்? அனாதை இல்லத்துக்கு ஓடவில்லை. கொள்ளையடிக்கப் போனார். மனம் திருந்தி உளவுப்படையில் சேர்ந்ததெல்லாம் பிறகுதான். அப்போதும் ஒவ்வொரு தடவை மறையவும் ஷாக் வாங்கித் தீர வேண்டும். ஷாக்கின் வேகம் இறங்கினால் எதிரியின் நடுவீட்டில் உருவம் திரும்பிவிடும். ஓசியில் ஒன்றும் இல்லை.

கை போனவன் நாயகன் என்பது இந்த மாவட்டத்தில் கற்பனை இல்லை. கட்டிங் மெஷினில் விரலை விட்டவர்கள், பட்டாசு மருந்தில் முகத்தைத் தீய்த்துக்கொண்டவர்கள் நடமாடுகிற தெருக்களில்தான் அந்தப் புத்தகம் விற்றது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதை வாசிக்கிற வயதுப் பிள்ளைகள் அந்தக் காலத்தில் விடியுமுன்னே கம்பெனி வண்டியில் ஏறித் தீப்பெட்டி ஒட்டப் போய்க்கொண்டிருந்தார்கள். மாயாவி அந்த வண்டியை ஒருநாளும் மறித்ததில்லை. ஆனால், மறிப்பேன் என்று அவர் சொல்லவும் இல்லை. அவரிடம் எனக்குப் பிடித்தது அந்த நேர்மை.

2012-ல் அவர் ராஜபாளையத்துக்கு மாற்றலாகி வந்திருந்தால் பிழைப்பு நாறியிருக்கும். சென்னையைத் தள்ளி மற்ற ஊரெல்லாம் பாதி நாள் இருட்டில் கிடந்த வருஷம் அது. விரலைப் பிளக்கில் வைத்துக்கொண்டு, "கரண்டு எப்ப வரும் அண்ணாச்சி?" என்று பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 2021-ல் வந்திருந்தால், கம்பியில் அணில் ஓடுவதால் மின்தடை ஏற்படுகிறது என்று அன்றைய மின்துறை அமைச்சர் செந்தில் பாலாஜி சொன்ன விளக்கத்தைக் கேட்டிருப்பார். ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் சாம்பல் நிற அணிலுக்கென்றே 1988 முதல் சரணாலயம் நடத்தும் எங்களுக்கு அன்று நெஞ்சு திக்கென்றது. மாநிலத்தின் இருட்டுக்கெல்லாம் குற்றவாளிகளை நாங்கள்தானே சோறு போட்டு வளர்க்கிறோம்!

சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன் 1984-ல் லயன் காமிக்ஸ் தொடங்கினார். அதில் வந்தவர் ஸ்பைடர். அமெரிக்க ஸ்பைடர்மேனுக்கு இவர் தூரத்துச் சொந்தம்கூட இல்லை. கூர்த்த காது, கறுப்பு உடுப்பு, வலைத் துப்பாக்கி, பறக்கும் ஹெலிகார், பெல்ஹாம், ஆர்டினி என்று இரண்டு கூட்டாளிகள். லட்சியம், குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தி ஆவது. திருடர்களைப் பிடிப்பது பின்னால் வந்த பொழுதுபோக்கு. அதுவும் நல்லெண்ணத்தால் இல்லை, தன்னைவிடப் பெரிய திருடன் ஒருத்தன் இருக்கக்கூடாது என்கிற வீம்பால். ராஜபாளையத்துப் பழைய பேப்பர் கடைகளில் எடைக்கு வந்து விழுந்த சாணித்தாள் புத்தகங்களில் இவரைப் படித்து வளர்ந்த தலைமுறைக்கு, அரசியல்வாதிகளைப் புரிந்துகொள்ளத் தனிப் பாடம் தேவைப்படவில்லை.

இந்த ஸ்பைடருக்கு 1966 முதல் கதை எழுதியவர் யார் தெரியுமா? ஜெர்ரி சீகல். சூப்பர்மேனை உண்டாக்கிய அதே சீகல்.

அவரும் ஓவியர் ஜோ ஷஸ்டரும் 1938-ல் சூப்பர்மேனைச் சகல உரிமைகளோடும் 130 டாலருக்கு விற்றார்கள். பிறகு உரிமை கேட்டு வழக்குப் போட்டுத் தோற்றார்கள். சூப்பர்மேனைப் பெற்றவர், கடல் தாண்டி இன்னொரு நாட்டு வார இதழுக்குக் கூலிக்குக் கதை எழுதினார். அது நாலு கை மாறிச் சிவகாசிக்கு வந்து, எங்கள் கையில் சேர்ந்தது. எழுபதுகளில் சூப்பர்மேன் பெரிய படமாக வரப்போகிறது என்று செய்தி வந்தபோது சீகல் ஒரு குமாஸ்தா. ஷஸ்டருக்குப் பார்வை மங்கிவிட்டது. 1975-ல் சீகல் பத்திரிகைகளுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். அந்தப் படம் விளங்காமல் போகட்டும் என்று அதில் சாபம் விட்டிருந்தார். மெய்யாகவே சாபம். நம் பக்கத்துப் பேச்சில் சொன்னால், நடுத்தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினார். உலகத்துப் பலசாலியைப் படைத்தவனுக்குக் கடைசியில் கிடைத்த ஆயுதம், சீட்டுக் கம்பெனியில் ஏமாந்த கிழவிக்குக் கிடைக்கிற அதே பிடி மண்.

ஊர் சிரித்த பிறகு, ஆளுக்கு வருஷம் 20,000 டாலரும் படத்தில் பெயரும் தர வார்னர் நிறுவனம் இறங்கி வந்தது. 1978-ல் படம் வெளியானது. சூப்பர்மேனின் அப்பாவாகக் கொஞ்ச நேரம் வந்துபோன மார்லன் பிராண்டோவுக்குச் சம்பளம் 37 லட்சம் டாலர். பெற்ற அப்பனுக்கு ஓய்வூதியம், வேஷம் போட்ட அப்பனுக்குப் பொக்கிஷம். பேட்மேனை உருவாக்கியதில் பெரும்பங்கு வகித்த பில் ஃபிங்கருக்கு இதுவும் இல்லை. அவர் 1974-ல் செத்தார். சினிமாவில் பேட்மேனின் படைப்பாளியாக அவர் பெயர் முறையாக ஏறியது 2016-ல். அநியாயத்தைக் கண்டால் பொங்கியெழும் வீரர்களின் வீட்டு நிர்வாகம் இது.

இந்த வீரர்கள் தமிழ் பேசியதையும் பார்த்தோம். 2019-ல் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' தமிழில் வந்தபோது வசனம் ஏ.ஆர். முருகதாஸ், அயர்ன்மேனுக்குக் குரல் விஜய் சேதுபதி. நல்ல நடிகர்தான். ஆனால் இரும்புக் கவசத்துக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்ததும், கோடீஸ்வர விஞ்ஞானி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள். எனக்கு என்னவோ படத்திலேயே பிடித்த விஷயம் அதுதான். இருநூற்றெழுபது கோடி டாலருக்குமேல் வசூலித்த அந்தப் படத்தில், நம் பக்கத்து மனிதர் ஒருத்தர் இருப்பதாகத் தோன்றிய ஒரே இடம் அது.

சொந்தச் சரக்கைப் பார்ப்போம். 2009-ல் 'கந்தசாமி'யில் விக்ரம் சேவல் வேஷம் போட்டுக் கொக்கரித்தார். விடியத்தான் இல்லை. 2018-ல் '2.0', செலவு 500 கோடி ரூபாய்க்கு மேல் என்றார்கள். அந்தக் காசில் செல்போன் வேண்டாம் என்று எங்களுக்குப் புத்தி சொன்னார்கள், டிக்கெட்டை செல்போனில் புக் பண்ணச் சொல்லிவிட்டு. 2019-ல் 'ஹீரோ'. கல்வி வியாபாரத்தை எதிர்க்கக் கிளம்பிய படம், முகமூடி மாட்டியதும் அடிதடியில் இறங்கிவிட்டது. இவற்றில் முகமூடி போடும் நாயகன்கூட அதைப் போடுவது ஒரு விளையாட்டுக்குத்தான். முகம் தெரியாத நாயகனுக்குத் தமிழ்நாட்டில் யார் பாலாபிஷேகம் செய்வார்? கட்அவுட்டுக்கு முகம் வேண்டாமா? அதனால் இடைவேளைக்கு முன்பே முகமூடி நழுவிவிடும்.

உருப்படியாக இரண்டு படம் சொல்லலாம். ஒன்று, மடோன் அஷ்வினின் 'மாவீரன்'. நாயகன் காமிக்ஸ் வரைபவன், கோழை. குடிசையை இடித்துவிட்டு அரசு கட்டிக்கொடுத்த அடுக்குமாடியில் தொட்டால் சுவர் உதிர்கிறது. சென்னை கே.பி. பார்க் குடியிருப்பில் 2021-ல் பூச்சு உதிர்ந்ததைச் செய்தியில் பார்த்தவர்களுக்கு அந்தச் சுவர் புதிதில்லை. வில்லன் எந்தக் கிரகத்திலிருந்தும் வரவில்லை. சிமென்ட்டில் கை வைத்தவன்தான் வில்லன். இன்னொன்று மலையாளத்து 'மின்னல் முரளி'. வெடி விபத்தில் தகப்பனை இழந்த பையன் வளர்ந்து தையல்காரன் ஆகிறான். அவனுக்கும் டீக்கடையில் எடுபிடியாக இருக்கிற ஷிபுவுக்கும் ஒரே ராத்திரியில் மின்னல் அடித்துச் சக்தி வருகிறது. ஷிபுவாக நடித்த குரு சோமசுந்தரம் நம் ஆள். ஊரே சேர்ந்து கிறுக்கன் என்று ஒதுக்கியவனிடம் சக்தி வந்தால் அந்த ஊர் என்ன ஆகும் என்று அந்த மனிதர் கண்ணாலேயே காட்டிவிட்டார். பல நூறு கோடி கிராஃபிக்ஸ் அந்தக் கண்ணுக்கு உறை போடக் காணாது. இப்படி ஒரு வில்லனைத் தமிழில் எடுக்க நம்மவர்களுக்கு நடிகர் இல்லையா? இருந்தார். அவரைத்தான் கேரளாவுக்கு அனுப்பி வைத்தோம்.

அந்தத் தையல்காரன் தன் உடுப்பைத் தானே தைத்துக்கொள்கிறான். இங்கே எங்களுக்குப் பக்கத்தில் தளவாய்புரம் இருக்கிறது. தென்னாட்டுக்கே நைட்டி தைத்து அனுப்புகிற ஊர். சூப்பர்ஹீரோ உடுப்புக்கு ஆர்டர் கொடுத்தால் லாரி நிறைய ஏற்றிவிடுவார்கள், பாக்கெட் வைத்தே. தேவதானத்துக்கும் உடுப்புக் கதை ஒன்று உண்டு. எங்கள் சுவாமியின் பெயர் நச்சாடை தவிர்த்தருளியவர். போரில் ஜெயிக்க முடியாத சோழன், விஷம் ஏற்றிய ஆடையைப் பாண்டியனுக்குப் பரிசாக அனுப்பினான். இறைவன் தடுத்துக் காத்தார் என்பது தலவரலாறு. பரிசாக ஓர் உடுப்பு வந்தால் உடம்பில் போடுமுன் யார் அனுப்பியது என்று பார்க்க வேண்டும் என்று இத்தனை நூற்றாண்டாகச் சொல்லிக்கொண்டு நிற்கும் கோயில். நாம் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, சினிமா அனுப்பிய உடுப்பை மாட்டிக்கொள்கிறோம்.

அந்த உடுப்பு ரட்சகன் உடுப்பு. நீ ஒன்றும் செய்ய வேண்டாம், ஒருவர் வருவார், காத்திரு என்கிற உடுப்பு. 2011-ல் 'வேலாயுதம்' வந்தது. ஒரு பத்திரிகைக்காரப் பெண் கற்பனையாக ஒரு ரட்சகனை எழுத, பால்காரன் விஜய் அந்த ரட்சகனாகிறார். படம் முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள் என்று நினைத்தோம். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் அதே விஜய் கட்சித் தலைவராக வருவதற்காக மணிக்கணக்கில் காத்துநின்ற கூட்டத்தில் நெரிசலாகி 41 பேர் செத்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. கட்சி அரசைக் கைகாட்டியது. அரசு கட்சியைக் கைகாட்டியது. இரண்டு கையும் எங்களுக்குத் தெரிந்தது, ஆட்கள் மறைந்துவிட்டார்கள். மாயாவியை வரைந்த பிளாஸ்கோ இருந்திருந்தால் அப்படியே வரைந்திருப்பார். விஜய் ஒருவரைச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. வேஷத்தைப் பார்த்து வாக்குப் போடும் வழக்கத்தை இந்த மாநிலம் அவருக்காகவா தொடங்கியது?

இனி வெடி. எல்லா சூப்பர்ஹீரோ படத்திலும் ஒரு காட்சி தவறாமல் வரும். பின்னால் கட்டடமே வெடித்துச் சிதறும். நாயகன் திரும்பிப் பார்க்காமல் ஸ்லோமோஷனில் நடந்து வருவார். அதற்கு விசில் அடிக்கிற ஊர்கள் உண்டு. விருதுநகர் மாவட்டத்தில் வெடிச் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறவன் ஒருத்தன்தான். பட்டாசுக் கம்பெனி முதலாளி. அவர் நடப்பதும் இல்லை, காரில் போவார். மற்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். எந்தத் திசை, எந்தக் கம்பெனி, இன்றைக்கு அங்கே வேலைக்குப் போனது யார் என்று பார்ப்பார்கள். பிறகு அந்தத் திசையைப் பார்த்து ஓடுவார்கள்.

மிஷ்கினின் 'முகமூடி', தமிழின் முதல் அசல் சூப்பர்ஹீரோ என்று முழங்கிக்கொண்டு 2012 ஆகஸ்ட் 31-ல் வந்தது. ஐந்து நாள் கழித்து, செப்டம்பர் 5 அன்று, சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. 40 பேர் வரை செத்தார்கள். முதல் வெடிச் சத்தம் கேட்டு, உள்ளே மாட்டியவர்களைத் தூக்கிவர ஓடிய அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் அடுத்த வெடியில் செத்தார்கள். வேலை செய்தவர்களைவிட ஓடி வந்தவர்கள் நிறையப் பேர் என்று அப்போது பேசிக்கொண்டார்கள். கவசம் இல்லாமல், கேமரா இல்லாமல், பறக்கவும் தெரியாமல், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நெருப்புக்குள் ஓடியவர்கள். அவர்களை வைத்து இன்றுவரை ஒரு படம்? ஒரு காட்சி? அவர்களுடைய பெயரே எங்களுக்குத் தெரியாதபோது டைட்டிலில் என்ன போடுவது!

அதற்குப் பிறகும் வருஷத்துக்குச் சில தடவை இந்த மாவட்டத்தில் ஒரே காமிக்ஸ் மறுபதிப்பாகிறது. முதல் கட்டத்தில் புகை. அடுத்த கட்டத்தில் காவல்துறை, 'உராய்வினால் விபத்து' என்று எழுதுகிறது. உராய்வு என்கிற அந்த வில்லனை இதுவரை யாரும் பிடித்ததில்லை. மூன்றாவதில் ஃபோர்மேன் கைது, முதலாளி தலைமறைவு. நான்காவதில் அமைச்சர் மாலை வைக்கிறார். முதல்வர் நிவாரண நிதியிலிருந்து இத்தனை லட்சம். ஐந்தாவதில் அதிகாரிகள் குழு அமைத்து ஆய்வு செய்கிறார்கள். உள்குத்தகைக்கு விட்டது, அறைக்கு இத்தனை பேர் என்ற விதியை மீறி ஆள் ஏற்றியது, மரத்தடியில் உட்கார வைத்து மருந்து இடித்தது எல்லாம் அன்றுதான் அவர்கள் கண்ணுக்குத் தெரிகிறது. கடைசிக் கட்டத்தில் அதே கம்பெனி வேறு பெயரில் திறக்கிறது. தொடரும். காயம்பட்டவர்களைச் சுற்றும் பேண்டேஜ் துணிகூட ராஜபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டித் தறியில் நெய்ததாக இருக்கும். வெடியும் இந்த மாவட்டத்தின் உற்பத்தி, கட்டும் இந்த மாவட்டத்தின் உற்பத்தி. அந்தப் பட்டாசைத்தான் சூப்பர்ஹீரோ படம் வெளியாகும் காலையில் தியேட்டர் வாசலில் சரம் சரமாய்க் கொளுத்துகிறார்கள்.

லோகேஷ் கனகராஜ் இரும்புக்கை மாயாவி பெயரில் ஒரு படம் எடுக்கப் போவதாகப் பல வருஷமாகப் பேச்சு இருக்கிறது. எடுக்கட்டும். ஆனால் அந்தக் கையை ஏதோ வெளிநாட்டு ஆய்வகத்தில் வைத்துப் போகவிடாதீர்கள், தம்பி. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் போகட்டும். மாயாவி இழப்பீடு கேட்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறட்டும். உள்குத்தகைக்காரன் வைத்திருக்கும் மஸ்டர் ரோலில் பெயரே இல்லாததால், ஷாக் எதுவும் வாங்காமலே அவர் மறைந்துவிடுவார். கிராஃபிக்ஸ் செலவு மிச்சம். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்குப் போனால், கைதான் இருக்கிறதே, இரும்பில் இருந்தால் என்ன என்று கேட்பார்கள். எழுதிக் கொடுத்த மனுவுக்கு, தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது என்று குறுஞ்செய்தி வரும். அதற்குப் பிறகு, மூலக்கதையில் உள்ளபடியே, அவர் கொள்ளையடிக்கப் போகட்டும். எந்த வீடு என்று நாங்கள் சொல்கிறோம். ராஜபாளையம் தியேட்டரில் அந்த இடத்துக்கு அடிக்கிற விசில் தேவதானம் வரைக்கும் கேட்கும். சென்சார்காரர்கள் வெட்டச் சொல்வதும் அந்த ஒரு காட்சியைத்தான்.